ஷஃபாலி வர்மாவின் அடியை யாராவது மாற்றினார்களா? மகளுக்காக ஒரு கேள்வி

வலங்கைமான் விவசாயி கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். நான் வலங்கைமானுக்கு அருகில் மூன்று ஏக்கர் சாகுபடி செய்பவன். கிரிக்கெட்டைத் தொலைக்காட்சியில் பார்ப்பதைத் தவிர எனக்கு அதில் வேறு பழக்கம் கிடையாது. என் மகளுக்கு 13 வயது; எட்டாம் வகுப்பு படிக்கிறாள். எங்கள் தெருப் பையன்கள் நடத்தும் அணியில் மூன்று ஆண்டுகளாக அவள்தான் முதல் ஆளாக மட்டை பிடித்து இறங்குகிறாள். உளுந்து எடுத்த பிறகு, சித்திரையிலிருந்து ஆற்றில் தண்ணீர் வரும்வரை வயல்தான் அவர்களுடைய மைதானம். மற்ற மாதங்களில் கோயில் திடலிலோ நெல் களத்திலோ ஆடுவார்கள். முதல் பந்தையே தூக்கி அடிப்பது அவள் வழக்கம். வாய்க்காலுக்கு அப்பால் பந்து போனால் ஆட்டமிழப்பு என்று பையன்கள் அவள் ஒருத்திக்காகவே ஒரு விதி வைத்திருக்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

2025 நவம்பர் 2 அன்று நவி மும்பையில் நடந்த மகளிர் உலகக் கோப்பை இறுதிப் போட்டியை, மழையால் தள்ளிப்போன ஆட்டம் நள்ளிரவை நெருங்கி முடியும்வரை, அவள் விழித்திருந்து பார்த்தாள். மறுநாள் காலையிலிருந்து வீட்டில், அதில் இந்தியாவுக்காக முதல் ஆளாக இறங்கி 87 ஓட்டங்கள் எடுத்த ஷஃபாலி வர்மாவைத் தவிர வேறு பேச்சில்லை. நானும் சரி என்று, அரையாண்டு விடுமுறையில் பக்கத்து நகரத்தில் நடந்த பத்து நாள் பயிற்சி முகாமில் அவளைச் சேர்த்துவிட்டேன். அங்கிருந்த பயிற்சியாளர் முதல் நாளே அவள் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, இது தெருவாட்டம், இதை மறந்தால்தான் கிரிக்கெட் வரும் என்று சொல்லி, பத்து நாளும் பந்தைத் தடுத்தாட மட்டுமே பழக்கியிருக்கிறார். கடைசி நாள் நடந்த ஆட்டத்தில் அவள் 14 பந்துகளைச் சந்தித்து ஓர் ஓட்டம் எடுத்தாள். வீடு திரும்பியதும் மட்டையைப் பரணில் தூக்கிப் போட்டவள் தை பிறந்தும் இறக்கவில்லை.

என் கேள்வி இதுதான். 15 வயதில் இந்திய அணிக்குள் வந்த அந்தப் பெண்ணிடம் யாராவது இப்படிச் சொல்லி ஆட்டத்தை மாற்றினார்களா, அல்லது அவர் போக்கிலேயே விட்டார்களா? செய்தித்தாள்களில் முதல் நாளும் இருக்கிறது, கோப்பையை ஏந்திய நாளும் இருக்கிறது. நடுவில் இருந்த ஆறு ஆண்டுகளைப் பற்றித் தெரிந்தவர்கள் சொன்னால், என் மகளிடம் என்ன பேசுவது என்று எனக்கு ஒரு வழி கிடைக்கும்.

மாயவரம் ஓய்வூதியர்:

ஐயா, நீங்கள் கேட்ட நடுப்பகுதியை எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன். கிரிக்கெட் கணக்கு எழுதிவைப்பது என் நாற்பது ஆண்டுப் பழக்கம். கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவருடைய முதல் சர்வதேச ஆட்டம் 2019 செப்டம்பரில் சூரத்தில், தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக. எடுத்த ஓட்டம் பூஜ்ஜியம். அடுத்த ஆட்டங்களில் வாய்ப்புக் கொடுத்தார்கள். அதே தொடரில் 46 எடுத்தார். நவம்பரில் மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போய் செயின்ட் லூசியாவில் 49 பந்துகளில் 73 ஓட்டங்கள் அடித்தபோது அவருக்கு வயது 15 ஆண்டு 285 நாள். சர்வதேச அரைசதம் அடித்த இந்தியர்களில் அதுவரை மிக இளையவர் சச்சின் டெண்டுல்கர்தான். அந்தச் சாதனை அன்று இந்தப் பெண்ணின் பெயருக்கு மாறியது. 2013இல் சச்சின் தம்முடைய கடைசி ரஞ்சி ஆட்டத்தை ஆடிய லாஹ்லி, ஷஃபாலியின் சொந்த ஊரான ஹரியாணாவின் ரோத்தக்குக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அப்பாவோடு போய் அந்த ஆட்டத்தைப் பார்த்த சிறுமி இவர் என்பதால், இந்தத் தகவல் எனக்கு எப்போதுமே சிறிது கூடுதலாகப் பிடிக்கும்.

2020 மார்ச்சில் இருபது ஓவர் தரவரிசையில் முதல் இடத்துக்கு வந்தார். அதே வாரம் மெல்போர்னில் 86,174 பேர் கூடியிருந்த உலகக் கோப்பை இறுதிப் போட்டி. முதல் ஓவரிலேயே ஆஸ்திரேலியாவின் அலிசா ஹீலி கொடுத்த கேட்சைத் தவறவிட்டார். ஹீலி 39 பந்துகளில் 75 ஓட்டங்களை விளாசினார். பிறகு மட்டை பிடிக்க வந்த ஷஃபாலி 2 ஓட்டங்களில் அதே ஹீலியிடம் பிடிகொடுத்து வெளியேறினார். இந்தியா 99 ஓட்டங்களுக்குச் சுருண்டது. 16 வயதில் இவ்வளவையும் ஒரே இரவில் பார்த்தவர் அவர்.

2021 ஜூனில் பிரிஸ்டலில் முதல் டெஸ்ட்: 96, 63. பார்த்தவர்களெல்லாம் இனி இவரை அசைக்க முடியாது என்றார்கள். ஆனால் ஐம்பது ஓவர் ஆட்டம் அவருக்குக் கைகொடுக்கவில்லை. 2022 ஜூலையில் இலங்கைக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 71 எடுத்த பிறகு, அடுத்த ஒருநாள் அரைசதத்துக்கு அவர் மூன்று ஆண்டுகளுக்கும் மேல் காத்திருக்க வேண்டியிருந்தது; அந்த அடுத்த அரைசதம்தான் உங்கள் மகள் பார்த்த இறுதிப் போட்டியில் வந்தது. இடையில் வெளிச்சமே இல்லாமல் போய்விடவில்லை. 2023 ஜனவரியில் 19 வயதுக்கு உட்பட்டோருக்கான முதல் மகளிர் உலகக் கோப்பையை இந்திய அணித் தலைவராக வென்றார்; தம் 19ஆம் பிறந்தநாளுக்கு மறுநாள். 2024 ஜூன் 28 அன்று சேப்பாக்கத்தில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிரான டெஸ்டில் 197 பந்துகளில் 205.

அந்த ஒரு நாளைக்காக முந்தைய இரவு மாயவரத்தில் ரயிலேறிப் போனவன் நான். ஸ்மிருதி மந்தனாவோடு அவர் சேர்த்த 292 ஓட்டங்கள் மகளிர் டெஸ்டில் தொடக்க ஜோடிக்கான உலகச் சாதனை. அன்று ஒரே நாளில் இந்தியா எடுத்தது 525. எனக்கு நினைவில் நிற்பது இந்த எண்கள் அல்ல. இரட்டைச் சதத்தை நெருங்கிய ஆட்டக்காரர்கள் பொதுவாகக் கூட்டைச் சுற்றும் குருவியைப் போலத் தயங்குவார்கள். இவர் அந்த நேரத்தில் டெல்மி டக்கரின் சுழலில் தொடர்ந்து இரண்டு சிக்சர்களைத் தூக்கிவிட்டு, பிறகு சாவகாசமாக ஓர் ஓட்டம் ஓடி 200ஐத் தொட்டார். சந்தித்த பந்துகள் 194. மகளிர் டெஸ்டில் அதைவிட வேகமான இரட்டைச் சதம் அதற்கு முன் கிடையாது. மிதாலி ராஜ் 2002இல் டான்டனில் 214 எடுத்ததற்குப் பிறகு இந்தியப் பெண்கள் யாரும் 200ஐத் தொட்டதும் கிடையாது.

இத்தனைக்கும் பிறகு, அதே ஆண்டின் இறுதியில் ஆஸ்திரேலியா சென்ற ஒருநாள் அணியில் அவருக்கு இடமில்லை. 2025 உலகக் கோப்பைக்கு அறிவித்த அணியிலும் இல்லை. ஆகவே, ஏறிய படியையெல்லாம் எண்ணும் நீங்கள் இறங்கிய படிகளையும் மகளிடம் சொல்லுங்கள்.

பாபநாசம் இளைஞர்:

மன்னிக்க வேண்டும், எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. ஷஃபாலியைக் காட்டி ஒரு குழந்தையிடம் அடித்தே ஆடு என்று சொல்வது, ஊரில் ஒருவருக்குப் பரிசு விழுந்ததைப் பார்த்து எல்லாரும் லாட்டரிச் சீட்டு வாங்குவதைப் போன்றது. அப்படி ஆடிக் காணாமல் போனவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. தொடக்க ஆட்டக்காரர் என்றால் முதலில் நிற்கத் தெரிய வேண்டும். நம் சென்னைப் பெண் திருஷ் காமினி 2014இல் மைசூரு டெஸ்டில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக 192 எடுத்தார். அதுவும் தொடக்க ஆட்டம்தான். அந்தப் பயிற்சியாளர் சொன்னதில் தவறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

மன்னார்குடி உடற்கல்வி ஆசிரியர், ஓய்வு:

தம்பி சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியை நான் மண்ணிலிருந்து தொடங்குகிறேன்.

நம் பக்கத்து வயல் வண்டல் களி. வெயில் ஏறினால் விரல் நுழையும் அளவுக்கு வெடிக்கும். அதில் குத்தும் டென்னிஸ் பந்து முழங்காலுக்கு மேல் எழும்புவதே அபூர்வம். வெடிப்பின் விளிம்பில் பட்டால் உருண்டே வரும். அப்படிப்பட்ட தரையில் மூன்று ஆண்டு ஆடிய பிள்ளை என்ன செய்யும்? முன்னங்காலை விலக்கி, மட்டையைத் தாழ்த்தி, பந்தை அடியிலிருந்து வாரித் தூக்கும். அதுதான் அந்தத் தரைக்குச் சரியான ஆட்டம். டென்னிஸ் பந்தின் எடை ஏறத்தாழ 58 கிராம். முகாமில் கையில் கொடுக்கும் தோல் பந்து, பெண்களுக்கானது என்றால் 140 முதல் 151 கிராம். பல முகாம்களில் சிக்கனத்துக்காக எல்லாருக்கும் ஆண்களுடைய பந்தையே கொடுப்பார்கள், அது 156 முதல் 163 கிராம். அதோடு மேட்டிங் விரிப்பில் பந்து மார்புவரை எழும்பும். ஒரே நாளில் பந்தும் தரையும் உயரமும் மாறிப்போன பிள்ளையிடம் அடியையும் மாற்று என்றால், பிடித்துக்கொள்ள அதற்கு என்ன மிச்சம் இருக்கிறது?

அந்தப் பயிற்சியாளரைக் குறைசொல்ல எனக்கும் மனம் வரவில்லை. நானே எத்தனையோ கோடை முகாம்களில் அதையே செய்திருக்கிறேன். பத்து நாளில் நாற்பது பிள்ளைகள் வந்து நின்றால், ஒரே நேரத்தில் நாற்பது பேருக்கும் வரிசையாக நிறுத்திச் சொல்லிக்கொடுக்கக்கூடிய ஒரே பாடம் தடுத்தாடுவதுதான். ஒவ்வொரு பிள்ளையின் அடியையும் தனித்தனியாகப் பார்க்க அங்கே நேரம் இருக்காது. ஆகவே, அவர் சொன்னதைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பதே என் வேண்டுகோள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஷஃபாலியிடம் இருந்த குறை அவர் அடித்ததில் இல்லை. உடம்பை நோக்கி எழும்பும் ஷார்ட் பிட்ச் பந்தில் அவர் கால் நகராமல் நின்று தடுமாறினார். உள்ளே வரும் பந்தில் மட்டைக்கும் காலுக்கும் இடையே வழி விட்டார். சர்வதேச அணிகள் ஓராண்டுக்குள் இதைக் கண்டுகொண்டன. ஆண்களின் வேகப்பந்தை எதிர்கொண்டு அவர் செய்த பயிற்சியெல்லாம் அந்த ஓட்டையை அடைப்பதற்காகத்தானே தவிர, அடியை மறப்பதற்காக அல்ல.

எண்களிலேயே பாருங்கள். சேப்பாக்கத்தில் எடுத்த 205இல் 23 பவுண்டரி, 8 சிக்சர். அதாவது 140 ஓட்டங்கள் எல்லைக்கோட்டில் வந்தவை. நவி மும்பை இறுதிப் போட்டியில் 78 பந்துகளில் எடுத்த 87இல் 7 பவுண்டரி, 2 சிக்சர். எல்லைக்கோட்டில் வந்தவை 40 மட்டுமே, மீதி 47 ஓடி எடுத்தவை. டெஸ்டில் களத்தடுப்பு வேறு, ஒருநாள் ஆட்டத்தில் வேறு என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அடிக்கத் தெரிந்த அந்தக் கை, நல்ல பந்தைத் தட்டிவிட்டு ஓடவும் கற்றுக்கொண்டிருந்தது என்பதை அந்த இன்னிங்ஸைப் பார்த்தவர்கள் மறுக்க மாட்டார்கள். தம்பி கேட்ட நிற்பது என்பது இதுதான். 14 பந்துக்கு ஓர் ஓட்டம் எடுப்பதை நான் நிற்பது என்று சொல்ல மாட்டேன்.

செய்யக்கூடியது ஒன்று சொல்கிறேன். உங்கள் ஊர் நெல் களம் சிமெண்டுத் தளமாகத்தான் இருக்கும். ஒரு வாளித் தண்ணீரில் நான்கைந்து டென்னிஸ் பந்துகளைப் போட்டு வையுங்கள். பதினைந்து, பதினாறு கெஜத் தூரத்தில் நின்று, நனைந்த பந்தைத் தோளுக்கு மேலிருந்து தளத்தில் குத்தி எறியச் சொல்லுங்கள். ஈரப் பந்து சிமெண்டில் வழுக்கிக்கொண்டு, நினைத்ததைவிடச் சீக்கிரமாக நெஞ்சுக்கு நேரே வரும். பட்டாலும் தோல் பந்தைப் போலக் காயப்படுத்தாது. பின்னங்காலில் போய் நின்று அதைச் சந்திக்கப் பழகட்டும். ஒரு நாளைக்கு அறுபது பந்து போதும். அதன் பிறகு, அதே நாளில், பத்து பந்தாவது அவள் விருப்பம்போல் தூக்கி அடிக்கட்டும். அந்தப் பத்தைக் குறைத்துவிடாதீர்கள்.

தஞ்சாவூரில் மாவட்ட அணிக்கு ஆடியவள்:

அண்ணா, மேலே பேசியவர்கள் மூவரும் ஆண்கள். ஒரு காலத்தில் மட்டையோடு பேருந்தில் போய்வந்த பெண்ணாக நான் சிலவற்றைச் சொல்கிறேன்.

ரோத்தக்கில் பெண்பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்க இடமில்லாததால் ஷஃபாலியின் தந்தை மகளுக்கு முடியைக் குட்டையாக வெட்டிப் பையனைப் போல அனுப்பினார் என்பதையும், அண்ணன் உடல்நலமில்லாமல் இருந்தபோது அவனுக்குப் பதிலாக இவர் போய் ஆடினார் என்பதையும் எல்லாரும் ரசித்து எழுதுகிறார்கள். எனக்கு அதில் ரசிப்பதற்கு எதுவும் தெரியவில்லை. ஒரு சிறுமி தன்னை மறைத்துக்கொண்டால்தான் ஆட முடியும் என்ற நிலை அது. உங்கள் மகள் இரட்டைப் பின்னலோடு பையன்களுக்கு முன்னால் முதல் ஆளாக இறங்குகிறாள் என்பது அதைவிட நல்ல தொடக்கம்.

அணியிலிருந்து நீக்கப்பட்ட பிறகு அவர் என்ன செய்தார் என்பதைப் பெரியவர் சொல்லாமல் விட்டுவிட்டார். ஹரியாணா அணிக்காக உள்நாட்டுப் போட்டிகளுக்குத் திரும்பினார். 2024 டிசம்பரில் வங்காள அணிக்கு எதிராக 115 பந்துகளில் 197 ஓட்டங்கள். ஹரியாணா 389 எடுத்தது. வங்காளம் அதையும் துரத்தி எட்டி உலகச் சாதனை படைத்தது. 197 அடித்தும் தோற்ற ஆட்டம், காலி இருக்கைகளுக்கு முன்னால். 2025 அக்டோபரில் உலகக் கோப்பை நடந்துகொண்டிருந்தபோதும் அவர் சூரத்தில் மாநில அணிக்கு இருபது ஓவர் போட்டி ஆடிக்கொண்டிருந்தார். வங்கதேசத்துக்கு எதிரான ஆட்டத்தில் தொடக்க ஆட்டக்காரர் பிரதிகா ராவலுக்குக் கணுக்காலில் அடிபட்டதால்தான் அவரைக் கூப்பிட்டார்கள். அரையிறுதியில் 10 ஓட்டங்கள். இறுதிப் போட்டியில் 87. அதோடு, தென்னாப்பிரிக்காவின் சூன் லூஸும் லாரா வோல்வார்ட்டும் நிலைத்து ஆடியபோது அணித் தலைவர் ஹர்மன்பிரீத் கவுர் பந்தை அவர் கையில் கொடுக்க, வீசிய இரண்டாவது பந்திலேயே லூஸைத் தாமே பிடித்து வெளியேற்றினார். அடுத்த ஓவரில் மரிசான் காப். ஆட்ட நாயகி விருதும் அவருக்கே. அழைப்பு வந்த நாளில் கையில் மட்டை இருந்ததால்தான் இது நடந்தது. வருத்தத்தில் பரணில் போட்டிருந்தால் நடந்திருக்காது. இதை உங்கள் மகளிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

எனக்கு அப்படிச் சொல்ல யாரும் இருக்கவில்லை. 19 வயதில் ஒரு தேர்வில் பெயர் வராதபோது, கல்லூரி முக்கியம் என்று வீட்டில் சொன்னதை ஒரு நிம்மதியோடு ஏற்றுக்கொண்டேன். இப்போது வங்கி வேலை, குறையில்லை. ஆனால் அந்த நிம்மதியைத்தான் இன்றும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

நடைமுறைக்கு வருகிறேன். வலங்கைமான் கும்பகோணத்துக்குப் பக்கம் என்பதற்காகத் தஞ்சாவூர் மாவட்டத் தேர்வுக்குப் போய் நிற்காதீர்கள். நீங்கள் திருவாரூர் மாவட்டம், அந்த மாவட்டச் சங்கத்தில்தான் விசாரிக்க வேண்டும். பிறப்புச் சான்றிதழில் இருக்கும் பெயரும் முதலெழுத்தும் பள்ளிப் பதிவிலும் ஆதாரிலும் அப்படியே இருக்கின்றனவா என்று இன்றே பாருங்கள். 15 வயதுக்கு உட்பட்ட பெண்கள் பிரிவில் மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பு வயதையும் கணக்கிடுவார்கள். காகிதத்தில் ஓர் எழுத்து பிசகி, நன்றாக ஆடிய பிள்ளைகள் வெளியே நின்றதை நான் பார்த்திருக்கிறேன். மதுரைப் பெண் கமலினி, அவரும் தொடக்க ஆட்டக்காரர்தான், 16 வயதில் மகளிர் பிரீமியர் லீக் ஏலத்தில் 1.6 கோடி ரூபாய்க்கு எடுக்கப்பட்டார். அந்தத் தொகையை மகளிடம் சொல்லாதீர்கள். ஊர்ப் பெரியவர்கள் யாராவது பெண்பிள்ளைக்கு எதற்கு என்று கேட்டால் அவர்களிடம் சொல்லுங்கள்.

வலங்கைமான் விவசாயி:

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. வங்கியில் பணிபுரியும் சகோதரி சொன்னதைப் பார்த்துவிட்டு முதலில் காகிதங்களைத்தான் எடுத்தேன். பிறப்புச் சான்றிதழில் என் பெயரின் முதலெழுத்து ஒன்றாகவும் ஆதாரில் இரண்டாகவும் இருக்கிறது. திங்கட்கிழமை தாலுகா அலுவலகம் போகிறேன்.

சூரத்தில் இருந்தவரைக் கூப்பிட்ட கதையை நேற்று மாலை மகளிடம் சொன்னேன். பதில் பேசவில்லை. சிறிது நேரம் கழித்து, லாஹ்லி நம் ஊரைப் போலச் சின்ன ஊரா என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை என்றேன். பிறகு வாளியை எடுத்துக்கொண்டு அவளே களத்துக்கு நடந்தாள். மட்டையை நான்தான் பரணிலிருந்து இறக்கினேன், அதில் ஒரு மூட்டை உமித்தூசி. ஆசிரியர் சொன்ன ஈரப் பந்தை நானே எறிந்தேன். முதல் நான்கு பந்துகள் அவள் தோளிலும் கையிலும் பட்டன. ஐந்தாவது பந்துக்கு ஓரடி பின்னால் நகர்ந்தாள். பத்தோ பன்னிரண்டோ பந்துகளுக்குப் பிறகு ஒன்று மட்டையின் நடுவில் பட்டு, எனக்கு வலப்புறமாகத் தரையோடு போய்க் களத்தின் விளிம்பைத் தாண்டியது. கடைசிப் பத்துப் பந்துகளில் மூன்று வாய்க்காலுக்கு அப்பால். உளுந்து முளைத்திருக்கும் வயலில் இறங்கித் தேடியதற்கு வயல்காரரிடம் பேச்சு வாங்கியது நான்.

ஆசிரியர் ஐயாவுக்கு ஒரே ஒரு கேள்வி. நாளையிலிருந்து அறுவடை நெல் களத்தில் காயும். தளம் காலியாக இருப்பது விடியற்காலை ஒரு மணி நேரம்தான். அந்த நேரத்தில் பனியில் தளமே ஈரமாக இருக்கும். பந்தை நனைக்காமல் எறிந்தாலும் அதே வேகம் வருமா?

மன்னார்குடி உடற்கல்வி ஆசிரியர், ஓய்வு:

வரும் ஐயா. ஆனால் பிள்ளையின் காலும் சேர்ந்து வழுக்கும். அவள் நிற்கும் இடத்தில் மட்டும் ஒரு சாக்கை விரித்துவிடுங்கள்.